தோலில் தங்கும் புகை

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை, சாயங்காலத்தில் தெருமுனை வரைக்கும் நடக்கிறாள். பாப்பாவுக்கு இழுப்பு எப்படி இருக்கிறது என்று நீ போனில் சொல்லவே இல்லை. அதை மறக்காமல் எழுது.

நீ கேட்டதற்குப் போனில் எவ்வளவோ பேசினேன். பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும், பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். எழுத்தில் இருந்தால் பட்டறையில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ லேசரில் வெட்டி அனுப்பிய தோல் நோட்டுப் புத்தக உறைகளை உன் பெங்களூர் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியதில் உனக்கு எவ்வளவு வருத்தம் என்று குரலிலேயே தெரிந்தது. தையல் நன்றாக இருக்கிறது, பெயர் பொறித்தது நன்றாக இருக்கிறது, பெட்டியைத் திறந்தால் முடி கருகிய நாற்றம் என்று எழுதியிருக்கிறார். அவர் மேல் கோபப்படாதேடா. தோல் சாமானை யார் கையில் கொடுத்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோய்த்தான் பார்ப்பார்கள். நல்ல தோலுக்கு ஒரு வாசனை உண்டு, அதை எதிர்பார்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள். அந்த இடத்தில் கருகல் நாற்றம் வந்தால் உன் உழைப்பு முழுக்க அடிபட்டுப் போகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சென்ட் அடிக்கலாமா, ஓசோன் மிஷின் வாங்கலாமா என்று கேட்டாய். இரண்டும் வேண்டாம். சென்ட் இரண்டு நாளில் பறந்துவிடும், கருகல் அங்கேயே இருக்கும். அந்த இரண்டு நாளும் இரண்டும் கலந்து இன்னும் மோசமாக வீசும். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்குகிற வாயு. ரப்பரை வெடிக்க வைக்கும், சாயத்தை வெளுக்க வைக்கும். பக்கத்து அறையில் இழுப்புக்காரக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த மிஷினை ஓட்டவே கூடாது. நாற்றம் எப்படி உண்டாகிறது, எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தெரிந்தால் இவை எதுவும் தேவைப்படாது.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்கிற புரதம். கார்பன்-டை-ஆக்சைடு லேசரின் கதிர் 10.6 மைக்ரான் அலைநீளம். அதைத் தோல் நன்றாக உறிஞ்சுகிறது, பட்ட இடம் நொடியில் எரிந்து ஆவியாகிறது. புரதம் எரிந்தால் அம்மோனியா வரும், பிரோல் வரும், இன்னும் நைட்ரஜன் சேர்ந்த பல பொருள்கள் வரும். கொலாஜனில் புரோலின் வகை அமினோ அமிலங்கள் நிறைய இருப்பதால் பிரோல் வகை அதிகம். முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டினில் கந்தகமும் நிறைய இருக்கும், அதனால் அது எரிகிற நாற்றம் தனி. ஆனாலும் இரண்டும் உறவுதான். அதனால்தான் எல்லாரும் முடி கருகியது என்கிறார்கள். இதோடு தோலுக்குள் ஏற்றிய எண்ணெய், மேலே பூசிய பினிஷ் எல்லாம் சேர்ந்து எரிகின்றன.

வருகிற புகை வெறும் வாயு மட்டும் இல்லை. அதில் ஒரு மைக்ரானுக்கும் சிறிய பிசின் துளிகளும் நிறைய இருக்கும். கதிர் பட்ட இடத்தில் அவை சூடாக இருக்கும், கொஞ்சம் தள்ளிப் போனதும் குளிர்ந்து, எதன் மேல் படுகிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். மிஷினுக்குள் மிகப் பக்கத்தில் இருப்பது எது? நீ வெட்டுகிற தோலேதான். அதன் முகப்பில் மெழுகும் பினிஷும் இருப்பதால் ஓரளவு தப்பிக்கும். வெட்டிய ஓரமும் அடிப்பக்கத்துச் சதைப்புறமும் நார் நாராகத் திறந்து கிடக்கின்றன. புகை அதற்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். பிறகு வெயில் பட்டாலோ, காற்றில் ஈரம் ஏறினாலோ கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். காய்ந்த நாளில் முகர்ந்து பார்த்துச் சரி என்று அனுப்பிய சரக்கு, மழை நாளில் போய்ச் சேர்ந்ததும் நாறுவது இதனால்தான். ஆகவே உன் வேலை புகையைத் தோலில் தங்க விடாமல் இருப்பது. தங்கின பிறகு எடுப்பது பாதிதான் முடியும்.

இப்போது தோலுக்கு வருகிறேன். நீ வாங்குவது என்ன தோல் என்று கடைக்காரரிடம் கேட்டாயா? மலிவாகக் கிடைக்கிற கழிவு ஷீட்டில் பெரும்பாலானது குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல். மேலே என்ன சாயம் பூசியிருந்தாலும், கத்தியால் சாய்வாக ஒரு வெட்டுப் போட்டு நடுப்பகுதியைப் பார். சாயம் உள்வரை ஏறாத தோலாக இருந்தால் நீலச் சாம்பல் நிறம் தெரியும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத் தோல் என்றால் நடுவிலும் பழுப்புதான். குரோம் தோலை லேசரில் வெட்டாதே. அதில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், அப்படியே இருக்கிற வரைக்கும் பயமில்லை. கடும் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம், அது புற்றுநோய் உண்டாக்குவது. ஐரோப்பாவில் உடம்பில் படுகிற தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015 மே முதல் சட்டம். எங்கள் ஏற்றுமதிச் சரக்கெல்லாம் அந்தச் சோதனையில் தேறித்தான் கப்பல் ஏறுகிறது. ஓரம் கருகிய குரோம் தோலை ஒரு குழந்தையின் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது. உனக்கும் வராது. சந்தேகம் இருந்தால் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து இருக்கிறது, அங்கே துண்டு கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

பட்டைத் தோல்தான் லேசருக்குப் பொருத்தம். நம் பக்கத்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இருக்கிறதே, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு ஒரு காலத்தில் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அந்த வழியில் பதனிட்டது இன்னும் திண்டுக்கல்லிலும் ஈரோட்டிலும் கிடைக்கும். இப்போது ஆவாரம் பட்டைக்குப் பதில் வாட்டில் பட்டைச் சாறு அதிகம். கோவையிலிருந்து ஈரோடு உனக்குப் பக்கம்தானே, ஒரு நாள் போய் வா. எண்ணெய் குறைவாக ஏற்றிய, மேலே கனமான பினிஷ் இல்லாத, இரண்டு மில்லிமீட்டருக்குள் கனமுள்ள தோலாகக் கேள். எண்ணெய் எவ்வளவு குறைவோ அவ்வளவு பிசின் குறைவு.

ரெக்ஸின் வெட்டித் தரச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடு. பி.வி.சி. ரெக்ஸின் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உன் மிஷினின் தண்டவாளம், பேரிங், பாப்பாவின் நெஞ்சு, எல்லாவற்றையும் அரிக்கும். அடையாளம் தெரியாத ஷீட் என்றால், செம்புக் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி அந்த ஷீட்டில் ஒரு தரம் தொட்டு, திரும்ப நெருப்பில் காட்டு. சுவாலை பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது. வெளியில் நின்று செய்.

அடுத்தது நீ வெட்டுகிற முறை. மெதுவாக ஓட்டி ஒரே ஓட்டத்தில் அறுத்துவிடுவது உன் வழக்கம் என்றாய். அப்படிச் செய்தால் கதிர் ஒரே இடத்தில் நின்று பக்கத்து நாரையும் வேக வைக்கிறது. கருகின பட்டை அகலமாகிறது, நாற்றமும் அங்கேதான் சேர்கிறது. வேகத்தைக் கூட்டி, பவரைக் குறைத்து, இரண்டு மூன்று ஓட்டமாக வெட்டிப் பார். ஓட்டங்களுக்கு நடுவில் தோல் கொஞ்சம் ஆறும், ஓரம் மெல்லிசாகக் கறுக்கும். ஒரு கழிவுத் துண்டில் வேகத்தையும் பவரையும் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, எது நன்றாக வந்தது என்று அதன் மேலேயே எழுதி வைத்துக்கொள். தோல் மாறினால் திரும்பவும் செய்ய வேண்டும், ஒரே ஆட்டுத் தோலிலேயே வயிற்றுப்பக்கமும் முதுகுப்பக்கமும் ஒன்றாக வெட்டாது.

காற்றுக் குழாய்க்குக் கம்ப்ரஸர் வைத்திருக்கிறாயே, அதில் எண்ணெய், தண்ணீர் பிடிக்கிற டிராப் இருக்கிறதா பார். இல்லாவிட்டால் எண்ணெய்த் துளி லென்ஸில் விழும். லென்ஸ் அழுக்கானால் கதிர் சிதறும், வெட்டு அகலமாகும், புகை கூடும். அது ஜிங்க் செலனைடு லென்ஸ், ஆறின பிறகு லென்ஸ் டிஷ்யூவில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் நனைத்து அழுத்தாமல் துடை. தோலைத் தாங்குகிற தேன்கூடு போன்ற அடித்தட்டையும் விட்டுவிடாதே. அதன் ஒவ்வொரு கண்ணிலும் பழுப்புப் பிசின் படிந்திருக்கும், கதிர் கீழே போய் அதைச் சுடும்போது அந்தப் புகை உன் தோலின் அடிப்பக்கத்தில் ஏறுகிறது. தோலைச் சின்ன ஆணி, கம்பி மேல் கொஞ்சம் உயர்த்தி வை. அந்தத் தட்டை அடிக்கடி கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய். புகைக்கறை முகப்பில் படாமல் இருக்க, ஒட்டு குறைவான காகித டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டி வெட்டு. பொறிக்கிற இடத்திலும் டேப் மேலேயே பொறிக்கலாம், பிறகு உரித்துவிட்டால் சுற்றுப்புறம் சுத்தமாக இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதை மட்டும் இரண்டு தடவை படி. உன் பட்டறையில் பிளோயர் மிஷினுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அங்கிருந்து நெளி நெளியான ஓஸ் ஜன்னல் வழியாக வெளியே போகிறது. பிளோயர் புகையை ஓஸுக்குள் தள்ளுகிறது என்றால், ஓஸின் ஒவ்வொரு மூட்டிலும் ஒவ்வொரு பொத்தலிலும் புகை அறைக்குள் பீச்சும். பிளோயரைத் தூக்கி வெளிச்சுவரில், அறைப் பைப்பின் கடைசியில் மாட்டு. அப்போது அறைக்குள் இருக்கிற பைப் முழுக்க உறிஞ்சும் நிலையில் இருக்கும். எங்காவது பொத்தல் இருந்தாலும் அறைக் காற்றுதான் உள்ளே போகும், புகை வெளியே வராது. இந்த ஒரு மாற்றத்திலேயே அறை நாற்றம் பெரிய அளவுக்குக் குறைந்துவிடும்.

நெளி ஓஸை எடுத்துவிட்டு வழவழப்பான ஜி.ஐ. பைப் போடச் சொல். நெளிவில் பிசின் சேரும், காற்றுக்கும் தடை. வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. விசிறிபோல் சுற்றுகிற எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கிவிடாதே, நீளமான பைப்பில் அதற்கு இழுக்கத் தெம்பில்லை. செண்ட்ரிஃபியூகல் பிளோயராக வாங்கு. கோவையில் இல்லாத பிளோயரா, அங்கே கணபதி வட்டாரத்தில் கேட்டாலே செய்து தருவார்கள். பைப்புக்குள் படிகிற பிசின் எரியக்கூடியது, அதனால் கழற்றித் துடைக்கிற மாதிரி மூட்டுகள் இருக்கட்டும். தீயணைப்பான் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கட்டும். மிஷின் ஓடும்போது டீ குடிக்கக்கூட வெளியே போகாதே.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. ஏ.சி. போட்டுக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் பிளோயர் எதை இழுக்கும்? வெளியே போகிற காற்றுக்குச் சமமாக உள்ளே காற்று வர வேண்டும். எதிர்ச்சுவரில் ஒரு திறப்பு வை. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். பிளோயரைப் போட்டு, மிஷின் மூடியின் இடுக்கு நெடுகிலும் ஊதுபத்தியைக் கொண்டுபோ. புகை நேராக உள்ளே இழுபட்டுப் போனால் சரி. எந்த இடத்தில் தயங்கி மேலே எழும்புகிறதோ, வெட்டும்போது அந்த இடத்தில் தோல் புகையும் வெளியே வருகிறது என்று அர்த்தம். வெட்டி முடித்ததும் மூடியைத் திறக்காதே. பிளோயர் இன்னும் இரண்டு நிமிஷம் ஓடட்டும். மீதிப் புகை உன் முகத்துக்கு வராமல் இருக்கும், தோலின் மேலும் படியாது.

வெளியே விடுகிற புகை எங்கே போகிறது என்றும் யோசி. உன் ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப் போடுகிறார் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். ஆம்பூர்க்காரர்கள் நாம் அதைச் செய்யக் கூடாது. தோல் கழிவுநீரால் நம் பாலாறு எப்படி ஆனது என்று சின்ன வயசிலிருந்து பார்த்தவர்கள். கிணற்றுத் தண்ணீர் கரித்துப்போய், வயல் உப்புப் பூத்துப்போய், வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1996-ல் தீர்ப்பு வந்தது. மாசு பண்ணியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று அதில் அழுத்தமாகச் சொன்னார்கள். நமக்குச் சோறு போட்ட தொழில்தான், அதனால்தான் இவ்வளவு வலியோடு சொல்கிறேன். உன் புகை சின்னதுதான், ஆனால் அந்தத் துணியை உடுத்திக்கொள்கிறவருக்குச் சின்னதில்லை. பைப்பை மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோய் நேராக வானத்தைப் பார்த்து விடு. மழைக்குத் தொப்பி மூடி வைத்தால் புகையைத் திரும்பக் கீழே தள்ளும். அதற்குப் பதில் பைப்பின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை விட்டால் போதும்.

வீட்டுக்காரர் மாடியில் பைப் போட ஒத்துக்கொள்ளாவிட்டால்தான் நீ பார்த்த பில்டர் பெட்டி. அதில் மூன்று அடுக்கு இருக்க வேண்டும். முதலில் பிசினைப் பிடிக்கிற முரட்டு பில்டர், பிறகு நுண்துகளுக்கு ஹெப்பா, கடைசியில் வாயுவுக்குக் கரி. ஹெப்பா மட்டும் இருந்தால் புகை தெரியாது, நாற்றம் அப்படியே வரும். கரி என்பது கொட்டாங்குச்சியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன், உன் ஊருக்குப் பக்கத்தில் காங்கேயம் பகுதியிலேயே தயாராகிறது. சாதாரணக் கரி அம்மோனியாவைச் சரியாகப் பிடிக்காது, அமிலம் ஏற்றிய கரி என்று கேட்டு வாங்கு. அதில் ஒரு அடுக்கும் சாதாரணக் கரி ஒரு அடுக்கும் இருந்தால் நல்லது. தோல் வேலைக்கு முதல் பில்டர் சீக்கிரம் அடைத்துவிடும், மாற்றுகிற செலவை விலையில் சேர்த்துக்கொள்.

வெட்டின துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறாய் அல்லவா, அதை இன்றோடு நிறுத்து. ஒரு துண்டின் ஓரக் கரி இன்னொன்றின் சதைப்புறத்தில் தேய்ந்து ஏறுகிறது. வெட்டின அன்றே சுத்தம் செய். முதலில் காய்ந்த பிரஷ். பழைய பல்தேய்க்கிற பிரஷ் போதும், ஓரத்தில் வெளிப்பக்கமாக மட்டும் தேய். கரித்தூள் உதிர்ந்த பிறகு, கிளிசரின் சோப்பு போட்டு நன்றாகப் பிழிந்த துணியால் துடை. பொறித்த எழுத்துக்குள் காதுக்கு வைக்கிற பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து ஓட்டிப் பார், டிகாக்‌ஷன் நிறத்தில் வெளியே வரும். உன் பெங்களூர்க்காரரின் மூக்கில் ஏறியது அதுதான். குச்சி வெள்ளையாகத் திரும்பும் வரைக்கும் குச்சியை மாற்றி மாற்றிச் செய். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு உறையை இப்படிச் செய்து பக்கத்தில் செய்யாத உறையை வைத்து முகர்ந்து பார், பிறகு நீயே விடமாட்டாய்.

அம்மோனியா வகையெல்லாம் காரம். அதனால் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலைந்து பங்கு கலந்து, துணியில் தொட்டு ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் ஒரு தரம் ஒற்றி எடு. வினிகர் வாசம் ஒரு நாளில் போய்விடும். இதில் ஒரு எச்சரிக்கை. கிண்ணம் பீங்கானாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும், இரும்பு ஆகவே ஆகாது. வினிகரில் கரைந்த இரும்பு பட்டைத் தோலில் பட்டால் கறுப்புக் கறை விழும், அது லேசில் போகாது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதுகிற மை செய்தார்களே, அதே வினை உன் தோலின் மேல் நடக்கும். சமையல் சோடாவைத் தோலில் தூவச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதே. தோல் இயல்பாகவே புளிப்புப் பக்கம் இருப்பது, சோடாவின் காரம் அதைக் கெடுக்கும், சாயத்தையும் மாற்றும்.

துடைத்ததை நிழலில், கொடியில் கிளிப் போட்டு, ஒன்றோடொன்று தொடாமல் தொங்கவிட்டு ஃபேனைப் போடு. மிஷின் இருக்கிற அறையில் வேண்டாம். வெயிலில் போட்டால் விறைத்துக்கொள்ளும். காய்ந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தால், மூடி உள்ள பெரிய டப்பாவில் அடியில் கரியைத் துணிப்பையில் கட்டி வைத்து, மேலே வலை போட்டுத் துண்டுகளை நிற்க வைத்து மூடு. சில நாள் பொறு. அதற்குப் பிறகுதான் ஓரத்தை 400 நம்பர் எமரியில் லேசாகத் தேய்த்துக் கரியை எடுத்து, தேன்மெழுகு போட்டு மெருகேற்ற வேண்டும். சுத்தம் பண்ணாமல் மெழுகு பூசினால் கரியை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி ஆகும், வெயில் பட்டதும் திரும்ப வரும். பாலிதீன் பையில் போட்டு ஒட்டாதே. காகிதத்தில் சுற்றி அனுப்பு.

அனுப்புகிறதற்கு முன்னால் நாற்றம் போய்விட்டதா என்று நீயே தீர்மானிக்காதே. நாள் முழுக்க அந்தப் புகையில் இருக்கிறவன் மூக்குக்கு அது தெரியாமல் போய்விடும், யாருக்கும் அப்படித்தான். ஏற்றுமதிக்குப் போகிற தோலை மூடின கண்ணாடிக் கலத்தில் வைத்து, மிதமாகச் சூடாக்கி, சிலரை முகரச் சொல்லி மதிப்பெண் போடுகிற சோதனை இருக்கிறது. நீ ஊறுகாய் ஜாடி ஒன்றை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதில் ஒரு துண்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்ட பஞ்சும் தொடாமல் வைத்து மூடி, ராத்திரி முழுக்க அடுப்படியில் விட்டுவிடு. காலையில் பட்டறைக்கே வராத ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல். உன் வீட்டுக்காரி முகத்தைச் சுளிக்காவிட்டால் பெங்களூருக்கு அனுப்பலாம்.

திரும்பி வந்த உறைகளை இதே முறையில் செய்து பார். பொறித்த எழுத்தில் உள்ளது போய்விடும். ஓரம் நன்றாகக் கருகியிருந்தால், ஸ்கேல் வைத்து ஒரு மில்லிமீட்டர் அறுத்தே எடுத்துவிடு. தையலுக்கு இடம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், உன் படத்தில் பார்த்தேன்.

கடைசியாக, இதை நீ கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லத்தான் வேண்டும். ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் உறை வெட்ட லேசர் எதற்குடா? இங்கே தோல் துண்டு வெட்டுகிற கிளிக்கிங்கில் என்ன செய்கிறார்கள் என்று நீ பார்த்து வளர்ந்தவன். எஃகுப் பட்டையை வளைத்து டை செய்து, தோலின் மேல் வைத்து அழுத்தினால் ஒரே அடியில் துண்டு வந்துவிடும். புகை கிடையாது, கருகல் கிடையாது, ஓரம் மாவு வெட்டின மாதிரி சுத்தமாக இருக்கும். பெரிய ஸ்விங் ஆர்ம் மிஷின் வாங்க வேண்டாம், கையால் அழுத்துகிற பிரஸ் போதும். உன் உறையில் கருகின நீளத்தைக் கணக்குப் பார்த்தால் பெரும்பங்கு வெளிவிளிம்புதான். அதை டையில் வெட்டி, பெயருக்கும் பூவேலைக்கும் மட்டும் லேசரை வை. குரோம் தோலில்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தாலும், டையில் வெட்டி, பெயரைச் சூடு படாத அச்சால் அழுத்திக் கொடுக்கலாம். உறை அளவுக்கு டை இங்கே எனக்குத் தெரிந்தவர் செய்து தருவார். அட்டையில் அளவு வெட்டி அனுப்பு, மூலை வளைவு எவ்வளவு என்று அதிலேயே குறித்துவிடு.

முகக்கவசம் போடுகிறாயா? என்95 துகளைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. பைப் வேலை முடிகிறவரைக்கும் துகள் பில்டரும் கரிக் காட்ரிட்ஜும் மாட்டுகிற அரை முகக்கவசம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள். பாப்பாவின் கட்டிலை அதுவரைக்கும் முன்னறைக்கு மாற்று. இந்த இரண்டையும் கடிதம் கிடைத்த அன்றே செய்.

பட்டைத் தோல் கழிவுத் துண்டுகள் ஒரு பை கட்டிப் பார்சலில் போட்டிருக்கிறேன், கட்டம் வெட்டிச் சோதித்துப் பார்க்க. மாடியில் பைப் போட ஆள் வந்தால், அவர் அளவு எடுக்கும்போதே எனக்குப் போன் போடு. எத்தனை வளைவு வருகிறது என்று நானே அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா